முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கொண்டவர்

மலர்க் குழுவினர் ஒரு பெரியவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரச் சொன்னார்கள். காமராஜர், அப்துல் கலாம், விஸ்வேஸ்வரய்யா என்று பெரிய பெயர்களுக்கு எழுத நம்மில் நிறைய பேர் உண்டு. நான் எடுத்துக்கொண்டது வால்டமார் ஹாஃப்கின். பம்பாய்ப் பக்கம் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த பெயர். நம் தர்மபுரியில் சொன்னால், யார் சார் அது, இங்கிலீஷ் கிரிக்கெட் பிளேயரா என்று கேட்பார்கள்!

எனக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்றால், தொழில்தான். ஆட்டோகிளேவ், தடுப்பூசி வைக்கும் ஃப்ரிட்ஜ் இவற்றைச் சர்வீஸ் பண்ணுவது என் பிழைப்பு. தர்மபுரி, அரூர், பென்னாகரம், பாலக்கோடு என்று ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைகிறேன். டாக்டர் இல்லை, ஆனால் டாக்டர்களுக்கு நடுவிலேயே வேலை. ஹாஃப்கினும் அப்படித்தான். எம்.பி.பி.எஸ். மாதிரி எதுவும் படிக்காதவர். விலங்கியல் பட்டதாரி.

1860 மார்ச் 15-ம் தேதி, ரஷ்யப் பேரரசில் ஒடெஸா நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அங்கேயே பல்கலைக்கழகத்தில் மெக்னிகோவ் என்ற பெரிய விஞ்ஞானியிடம் படித்தார். யூதர்களை வீடு புகுந்து அடித்த காலம் அது. பையன் தற்காப்புக் குழுவில் சேர்ந்து, போலீஸில் மாட்டி, ஆசிரியரின் தயவால் வெளியே வந்தான். படிப்பு முடிந்ததும், மதம் மாறினால் வேலை உண்டு என்றார்கள். மாறவில்லை. வேலையும் இல்லை. ஜெனீவா போய், 1889-ல் பாரிஸில் பாஸ்டர் நிறுவனத்தில் நுழைந்தார். கிடைத்தது நூலகர் வேலை! பகலில் புத்தகம் அடுக்குவது, மிச்ச நேரத்தில் கிருமி வளர்ப்பது. அப்படித்தான் காலராவுக்குத் தடுப்பூசி கண்டுபிடித்தார். 1892 ஜூலை 18-ம் தேதி அதை முதலில் தன் உடம்பில் போட்டுக்கொண்டார்.

1893-ல் இந்தியா வந்தார். கல்கத்தாவின் ஒரு சேரிக்கு ஊசியோடு போனபோது கல் விழுந்ததாம். வெள்ளைக்காரன் விஷம் போட வந்திருக்கிறான் என்ற பயம். கூட்டத்தின் முன்னால் சட்டையைத் தூக்கித் தானே போட்டுக்கொண்டார். கூட வந்த நம் நாட்டு டாக்டர்களும் போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகு, கூடியிருந்த சுமார் 200 பேரில் 116 பேர் முன்வந்தார்கள் என்று எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது பம்பாய்க் கதை.

1896-ல் பம்பாயில் பிளேக் புகுந்தது. அக்டோபரில் ஹாஃப்கினை அங்கே அனுப்பினார்கள். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஒரு சின்ன அறை, ஒரு தாழ்வாரம், ஒரு குமாஸ்தா, மூன்று பியூன்கள். அவ்வளவுதான் லேபரட்டரி. மாமிச ரசத்தின் மேல் சில சொட்டு நெய்யை மிதக்க விட்டு, அதன் அடியில் பிளேக் கிருமி விழுது விழுதாகத் தொங்கி வளரும்படி செய்தார். (நம் வீட்டு நெய்தான், நண்பர்களே!) வளர்ந்ததைக் குலுக்கி விட்டு மறுபடி வளர்த்து, கடைசியில் சூடு காட்டிக் கொன்று, அதையே தடுப்பூசியாக்கினார். மூன்று மாதம் ராப்பகலாக வேலை.

அந்த மூன்று மாதத்தில் உதவியாளர்களில் ஒருவருக்கு மனம் குலைந்துபோனது. இரண்டு பேர் வேலையே வேண்டாம் என்று போய்விட்டார்கள்.

ஹாஃப்கின் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் இதை ஒரே வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்குத் தாண்ட முடியவில்லை. அவர்களைக் கோழை என்று சொல்லலாமா? கையில் இருப்பது ஊரையே காலி பண்ணும் கிருமி. உடம்பில் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. பியூன் சம்பளத்தில் இந்த ரிஸ்க்குக்கு எவ்வளவு சேர்த்துக் கொடுத்தார்கள் என்று யாராவது கேட்டார்களா?

இன்றைக்கும் பாருங்கள். நான் போகிற ஒரு ஆஸ்பத்திரியில் (பெயர் வேண்டாம்) டாக்டர், ஸ்டாஃப் நர்ஸ், லேப் டெக்னீஷியன் எல்லாரும் ஹெபடைட்டிஸ்-பி ஊசி மூன்று டோஸும் போட்டவர்கள். குப்பைப் பையைத் தூக்கும் கான்ட்ராக்ட் ஆயாம்மா ஒரு டோஸோடு நிற்கிறார். ஊசிக்கு அவர் பயப்படவில்லை. இரண்டாவது டோஸுக்கு யாரும் கூப்பிடவில்லை, அவ்வளவுதான். பாதுகாப்பின் அருமை தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் கொடுக்கும் மெல்லிசுக் கையுறையைச் சுருக்குப் பையில் வைத்துவிட்டு, கடைவீதியில் சொந்தக் காசில் வாங்கின தடி ரப்பர் கையுறையைத்தான் மாட்டுகிறார். தடுப்பூசி போடாதவருக்கு, அந்த நோயாளியின் ரத்தம் பட்ட ஊசி குத்தினால், 100-க்கு 6 முதல் 30 பேர் வரை நோய் தொற்றலாம் என்பது மருத்துவக் கணக்கு. காய்ந்த ரத்தத்திலும் அந்தக் கிருமி ஏழு நாள் வரை உயிரோடு இருக்கும். ஆயாம்மாவுக்கு இந்தக் கணக்கு தெரியாது. ஆனால் அவர் கையுறைக்குக் கொடுத்த காசு, அவர் கூலியில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

சரி, பம்பாய்க்கு வருவோம். 1897 ஜனவரி 10. கல்லூரி முதல்வரைச் சாட்சியாக வைத்துக்கொண்டு ஹாஃப்கின் பிளேக் ஊசியைப் போட்டுக்கொண்டார். பிற்பாடு மற்றவர்களுக்குக் கொடுத்ததைவிட அதிக அளவு! காய்ச்சல் அடித்தது, ஊசி போட்ட இடத்தில் வலி. சில நாளில் எழுந்துவிட்டார். அந்த மாதக் கடைசியில் பைகுல்லா சிறைக்குள் பிளேக் வந்தபோது, சம்மதித்த கைதிகள் 150 பேர் அளவில் ஊசி போட்டுக்கொண்டார்கள். போடாதவர்களில் 12 பேருக்கு நோய் வந்து 6 பேர் இறந்தார்கள். போட்டவர்களில் 2 பேருக்குத்தான் வந்தது, சாவு இல்லை. அதற்கப்புறம் ஊசி நாடெங்கும் போயிற்று. 1898-ல் பெங்களூரில் பிளேக் வந்தது. சேலம் ஜில்லாவில் இருந்த நம் தர்மபுரிக்கு அது எட்டின தூரம். கோயம்புத்தூரில் பிளேக் மாரியம்மன் கோயில்கள் எழுந்தது அந்தப் பயத்தில்தான்.

1899-ல் பரேலில் பழைய கவர்னர் மாளிகையையே லேபரட்டரிக்குக் கொடுத்தார்கள். இனி இறங்குமுகம் இல்லை என்றுதான் யாரும் நினைத்திருப்பார்கள்.

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம் (இன்று பாகிஸ்தானில் இருக்கிறது). 107 பேருக்கு ஊசி போட்டார்கள். ஒரு வாரம் கழித்து 19 பேருக்கு வாய் கட்டி, உடம்பு வில்லாய் வளைந்தது. டெட்டனஸ். பத்தொன்பது பேரும் இறந்தார்கள். அத்தனை பேருக்கும் ஊசி போட்டது ஒரே பாட்டிலிலிருந்து. மற்ற 88 பேருக்கு ஒன்றும் ஆகவில்லை.

விசாரணைக் குழு, பாட்டில் பம்பாயிலேயே கெட்டிருக்க வேண்டும் என்ற பக்கம் சாய்ந்தது. கார்பாலிக் அமிலத்தை நம்பாமல் சூட்டை நம்பியதுதான் குற்றம் என்று பேசினார்கள். ஹாஃப்கினைப் பதவியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். டாக்டர் பட்டம் இல்லாதவர், ரஷ்யாக்காரர், யூதர் என்ற எரிச்சல் ஏற்கனவே சிலருக்கு இருந்தது. பிரான்ஸில் டிரைஃபஸ் என்ற யூத ராணுவ அதிகாரிக்கு நடந்த அநியாயத்தோடு இதை ஒப்பிட்டவர்கள் உண்டு.

என் தொழில் கண்ணோடு பார்த்தால் விஷயம் வேறு. அந்தப் பாட்டில் அடைக்கப்பட்டு 41 நாள் ஆகியிருந்தது. அன்றே டெட்டனஸ் புகுந்திருந்தால் திறந்தவுடன் நாற்றம் தூக்கியிருக்க வேண்டும். ஊசி போட்ட டாக்டர் மோந்து பார்த்துத்தான் போட்டார், நாற்றம் இல்லை. பின்னால் தெரிந்த செய்தி இது: அன்று தக்கையைப் பிடுங்கும் இடுக்கி உதவியாளர் கையிலிருந்து மண்ணில் விழுந்தது. அதைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் அப்படியே பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். டெட்டனஸ் குடியிருப்பதே மண்ணில்தானே! ஆட்டோகிளேவ் 121 டிகிரி போயிற்றா என்று நான் டேப் ஒட்டிப் பார்க்கிறேன். அந்த 121 டிகிரியும் டிரேயை எடுக்கிறவர் கையில் கொஞ்ச நேரத்தில் வீணாகலாம். அந்த உதவியாளரை மட்டும் திட்டவும் எனக்கு மனசு வரவில்லை. கிராமத்து வெயிலில், நீண்ட வரிசைக்கு முன்னால் நிற்கும் கை அது.

மலேரியா ஆராய்ச்சிக்கு நோபல் பரிசு வாங்கிய ரொனால்ட் ராஸும் இன்னும் ஒன்பது விஞ்ஞானிகளும் 1907 ஜூலையில் லண்டன் டைம்ஸில் கையெழுத்திட்டுக் கடிதம் எழுதிய பிறகே ஹாஃப்கின் மேல் இருந்த பழி நீங்கியது. ஐந்து வருஷம் போய்விட்டது. அதற்குள் இந்த ஊசியின் மேல் எத்தனை பேருக்கு நம்பிக்கை போயிருக்கும், யோசித்துப் பாருங்கள்.

2021 ஜனவரி 16-ல் கோவிட் ஊசி முதலில் சுகாதாரப் பணியாளர்களுக்குத்தான் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்காரர்களே முதல் நாட்களில் தயங்கினார்கள். தமிழ்நாட்டில் எதிர்பார்த்த அளவு ஆள் வரவில்லை. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த டாக்டர் விஜயபாஸ்கர் ஜனவரி 22-ல் சென்னையில் எல்லார் முன்னாலும் கையை நீட்டி ஊசி போட்டுக்கொண்டார். கல்கத்தா சேரியில் நடந்ததேதான்! தயங்கியவர்களை விவரம் தெரியாதவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நோயைத் தினம் பார்க்கிறவர்களுக்கு ஊசியைப் பற்றியும் கேள்வி கேட்க உரிமை உண்டு.

ஹாஃப்கின் மறுபடி இந்தியா வந்தார். ஆனால் பரேலுக்கு இல்லை, கல்கத்தாவுக்கு. புதிய தடுப்பூசியை மனிதர்களிடம் சோதித்துப் பார்க்க அனுமதி இல்லை. 1914-ல் ஓய்வு பெற்று ஐரோப்பா போய்விட்டார். 1925-ல் பரேல் லேபரட்டரிக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அதற்குள் பம்பாயிலிருந்து 2 கோடியே 60 லட்சம் டோஸ் பிளேக் ஊசி போயிருந்தது. கல்யாணம் செய்துகொள்ளாத அவர், சேர்த்த பணத்தைக் கிழக்கு ஐரோப்பாவின் யூத வேதப் பள்ளிகளுக்கு எழுதி வைத்துவிட்டு, 1930 அக்டோபர் 26-ம் தேதி சுவிட்சர்லாந்தில் லோஸான் நகரில் காலமானார். பரேலில் அந்தப் பழைய மாளிகையில் ஹாஃப்கின் நிறுவனம் இன்றும் நடக்கிறது.