வில்லனின் மகனுக்கு வாய்த்த முகம்

படக்கதைகளைச் சிறுவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே உண்டு. ஆனால், ஒரு சமூகம் பிற இனத்தாரை எவ்வாறு பார்த்தது என்பதற்கு அவை நல்ல சான்றுகள். அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் 1973-ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய ஷாங்-சி என்னும் குங்ஃபூ வீரனின் சாகசத் தொடர் அத்தகையது. அரை நூற்றாண்டு கழிந்து அதைப் புரட்டினால், அந்த வீரனின் உருவத்தில் நமக்குத் தெரிபவர் புரூஸ் லீ. அவருடைய சாயல் அந்தப் பக்கங்களுக்கு வந்து சேர்ந்த கதையை அறிய, அவரது வாழ்க்கையைத் திரும்பிப் பார்க்க வேண்டும்.

1940 நவம்பர் 27 அன்று, சான்பிரான்சிஸ்கோவின் சீனர் குடியிருப்பில் உள்ள மருத்துவமனையில் அவர் பிறந்தார். தந்தை லீ ஹோய்-சுன், கான்டனீய இசை நாடக நடிகர். கலைப் பயணமாக அமெரிக்கா சென்றிருந்த நேரம் அது. குழந்தை வளர்ந்ததோ ஹாங்காங்கில். சிறு வயதிலேயே திரையில் தோன்றிய அவருக்கு, 1950-இல் வெளிவந்த படமொன்றில் முதன்மை வேடம் கிடைத்தது. தெருவோரத்து ஏழைச் சிறுவனைப் பற்றிய அந்தப் படம், யுவென் போ-வான் வரைந்த படக்கதையிலிருந்து உருவானது. படக்கதைக்கும் புரூஸ் லீக்குமான உறவு அங்கேயே தொடங்கிவிட்டது.

பதின்ம வயதில் இப் மானிடம் விங் சுன் கலை பயின்றார். தெருச் சண்டைகளில் நாட்டம் மிகுந்ததால் கவலையுற்ற பெற்றோர், 1959-இல் 18 வயது மகனை அமெரிக்காவுக்கு அனுப்பினர். சியாட்டிலில் உணவகத்தில் வேலை செய்துகொண்டே படித்தார். வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். கறுப்பினத்தவர், வெள்ளையர், ஆசியர் என்ற வேறுபாடு பாராமல் தம் கலையைக் கற்பித்தார். 1964-இல் லாங் பீச் கராத்தே போட்டியில் அவர் நிகழ்த்திய செயல்விளக்கம் தொலைக்காட்சித் துறையின் கவனத்தை ஈர்த்தது.

1966-இல் 'கிரீன் ஹார்னெட்' தொடரில் கேட்டோ என்னும் வேடம் அவருக்கு அமைந்தது. அதில் அவர் கதாநாயகனின் காரோட்டி, ஏவலாள், வசனமோ மிகக் குறைவு. ஓராண்டிலேயே தொடர் நின்றுபோனது. ஆனால், ஹாங்காங் மக்கள் அத்தொடரைக் கேட்டோவின் பெயராலேயே அழைத்தனர். அதே 1960-களில்தான், உலகை ஆளத் துடிக்கும் சீன வில்லன் ஃபூ மாஞ்சுவாக ஆங்கில நடிகர் கிறிஸ்டோபர் லீ திரைப்படங்களில் நடித்துவந்தார். சீனர் ஏவலாளாக இருக்கலாம், வில்லனாக இருக்கலாம்; அந்த வில்லனையும் வெள்ளையரே நடிக்கலாம் என்பதே அன்றைய நடைமுறை.

1970-இல் முதுகில் ஏற்பட்ட காயம் அவரைப் பல மாதங்கள் முடக்கியது. அந்த நாள்களைப் படிப்பதிலும் தமது ஜீத் குன் டோ முறை பற்றிக் குறிப்புகள் எழுதுவதிலும் செலவிட்டார். பின்னர் 'குங்ஃபூ' என்னும் தொலைக்காட்சித் தொடருக்கு நாயகனைத் தேடியபோது அவர் பெயரும் பரிசீலிக்கப்பட்டது. வேடமோ டேவிட் காரடைன் என்ற வெள்ளையருக்குப் போனது. அழைப்புக்குக் காத்திராமல் லீ ஹாங்காங் திரும்பினார். 1971, 1972-ஆம் ஆண்டுகளில் வெளிவந்த மூன்று படங்கள் ஆசியா முழுவதும் வசூலைக் குவித்தன. மூன்றாவதை அவரே எழுதி இயக்கினார். அதன் பிறகே வார்னர் நிறுவனம் 'என்டர் தி டிராகன்' படத்தின் நாயகனாக அவரை ஏற்றது. அப்படம் திரைக்கு வரும் முன்பே, 1973 ஜூலை 20 அன்று, மூளை வீக்கத்தால் அவர் காலமானார். அப்போது வயது 32.

அவருக்குக் கிட்டாத அந்தத் தொலைக்காட்சித் தொடர்தான் ஷாங்-சி பிறக்கவும் காரணமாயிற்று. எழுத்தாளர் ஸ்டீவ் எங்கில்ஹார்ட்டும் ஓவியர் ஜிம் ஸ்டார்லினும் 'குங்ஃபூ' தொடரைப் படக்கதையாக்க விரும்பினர். அதன் உரிமை, போட்டி நிறுவனமான டிசி காமிக்ஸின் உரிமையாளர் வார்னரிடம் இருந்தது. எனவே அவர்கள் புதிய நாயகனை உருவாக்கினர். மார்வெலோ ஃபூ மாஞ்சுவின் உரிமையைப் பெற்று, அந்த வில்லனையே நாயகனுக்குத் தந்தையாக்கியது. தந்தையின் ஆணைப்படி கொலை செய்ய லண்டன் செல்லும் மகன், தந்தை யாரென்ற உண்மையை அறிந்து அவரை எதிர்த்து நிற்பதே முதல் கதை. 1974-இல் வரையத் தொடங்கிய பால் குலாசி, நாயகனுக்கு லீயின் முகத்தையும் உடற்கட்டையும் கொடுத்தார்.

இன்று வாசிக்கையில் குலாசியின் சண்டைக் காட்சிகளும் டக் மென்ச்சின் எழுத்தும் பிரமிக்கவே வைக்கின்றன. ஆனால், நாயகனின் தோலுக்குப் பூசப்பட்ட, எந்த மனிதருக்கும் இல்லாத ஆரஞ்சு நிறமும் உறுத்துகிறது. எந்தச் சித்திரிப்பை எதிர்த்து லீ வாழ்நாளெல்லாம் போராடினாரோ, அதன் மகனாகவே அவரது சாயல் அச்சேறியது. அஞ்சலியும் அவமதிப்பும் ஒரே பக்கத்தில் உள்ளன.

1983-இல் 125-ஆம் இதழுடன் தொடர் முடிந்தது. ஃபூ மாஞ்சு உரிமை கைவிட்டுப் போனதால், பழைய இதழ்கள் 2016 வரை நூலாக மறுபதிப்புப் பெறவில்லை. 2021-இல் ஷாங்-சி திரைப்படமானபோது, ஃபூ மாஞ்சு என்ற பெயர் அதில் இல்லை. வென்வு என்னும் புதிய தந்தையாக நடித்தவர் ஹாங்காங்கின் டோனி லியுங். மகனாக நடித்தவரும் சீன வம்சாவளியினரே. லீ மறைந்து 48 ஆண்டுகள் கழித்து வந்த மாற்றம் அது. பழைய இதழ்களை மறைக்கவும் வேண்டாம், கண்மூடிக் கொண்டாடவும் வேண்டாம். அவற்றின் நிறத்தையும் பெயர்களையும் கவனித்து வாசித்தால், அந்த மனிதர் எதை எதிர்த்து நின்றார் என்பது விளங்கும்.