எட்டு நிறுவனங்கள் மறுத்த விமானி

புரட்டாதி மாதம் ஓரிரவு கனடாவிலிருந்து அண்ணரின் மகள் அழைத்தாள். கட்டுக்கரைக் குளம் வற்றி, அலைகரையில் மாடுகள் மேய்ந்துகொண்டிருந்த நேரம். அவள் விமானி. வணிக விமானி உரிமம் எடுத்து ஒரு வருடம் ஆகிறது. சிறிய நகரங்களுக்கிடையே பறக்கும் பிராந்திய விமான நிறுவனமொன்று அவளைத் துணை விமானியாகச் சேர்க்க முன்வந்திருக்கிறது. ஆனால் தொடக்கச் சம்பளம் மிகக் குறைவு. பயிற்சிச் செலவை நிறுவனமே ஏற்கும், அதற்குப் பதிலாக இரண்டு வருடம் விலகக்கூடாது. விலகினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும். படிப்புக்கு எடுத்த வங்கிக் கடன் வேறு இருக்கிறது. கையெழுத்து வைக்கட்டுமா சித்தப்பா என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பின்னால் இன்னொரு கேள்வியும் இருந்தது. கடனைக் குறைக்க, கட்டுக்கரையின் கீழுள்ள தன் பங்கு வயலை விற்கலாமா என்று அண்ணர் யோசிக்கிறார். 1990இல் அவர் படகேறி இராமேஸ்வரம் போன நாளிலிருந்து, இடம்பெயர்ந்திருந்த காலம் நீங்கலாக, அந்த வயலை நான்தான் செய்கிறேன். ஆகவே நான் சொல்லும் புத்தியில் என் சுயநலமும் கலந்திருக்கும் என்பதை முதலிலேயே அவளிடம் சொல்லிவிட்டேன்.

எங்கள் வீட்டில் விமானம் நல்ல சொல் அல்ல. இரைச்சல் கேட்டதும் பதுங்குகுழிக்கு ஓடிய சனம் நாங்கள். 1998 செப்டெம்பர் 29இல் பலாலியிலிருந்து இரத்மலானைக்குப் புறப்பட்ட லயன் எயார் விமானம் எங்கள் மன்னார்க் கடற்பக்கம்தான் விழுந்தது. 55 பேர் அதில் இருந்தார்கள். பயணிகளில் பெரும்பாலானோர் தமிழர்கள். கடலுக்கடியில் அதன் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட, போரும் முடிந்து மூன்று வருடங்கள் கடக்க வேண்டியிருந்தது. பேத்தி விமானம் ஓட்டுகிறாள் என்று கேட்டபோது அம்மா மகிழவில்லை, செபமாலையைத்தான் எடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் நான் சமூகக்கல்வி படிப்பித்தவன். விமானத் தொழில் எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு பெண்ணின் வாழ்க்கையை வாசித்து வைத்திருந்தேன். அதைத்தான் அன்றிரவு அவளுக்குச் சொன்னேன். அவர் பெயர் பிரேம் மாத்தூர். இந்தியாவின் முதலாவது பெண் வணிக விமானி.

பிரேமின் கதையை அவருக்கு முன் வந்த சரளா தக்ராலிடமிருந்து தொடங்க வேண்டும். 1936இல், 21 வயதில், லாகூரில் விமானம் ஓட்டும் உரிமம் பெற்றவர் சரளா. அப்போதே ஒரு பெண் குழந்தைக்குத் தாய். அஞ்சல் விமானியான அவருடைய கணவர் 1939இல் விமான விபத்தில் இறந்தார். தானும் வணிக விமானியாக வேண்டும் என்று சரளா பயிற்சிக்குப் போனபோது இரண்டாம் உலகப் போர் தொடங்கி, பொதுமக்களுக்கான பயிற்சி நின்றுபோனது. பின்னர் நாட்டுப் பிரிவினை வந்தது. இரண்டு பெண் பிள்ளைகளுடன் டில்லிக்கு வந்தவர், ஓவியமும் நகை வடிவமைப்பும் செய்து பிழைத்தார். வானத்தில் தொழில் செய்யும் வாய்ப்பு அவருக்குத் திரும்ப வரவேயில்லை. போர் ஒருவரின் தொழிலை எப்படித் தின்னும் என்பதை நம் சனத்துக்கு விளக்கத் தேவையில்லை.

அந்தக் கதவு பிரேமுக்கு 1947இல் பாதி திறந்தது. அலகாபாத் பறப்புக் கழகத்தில் பழகி, அந்த வருடம் வணிக விமானி உரிமத்தைப் பெற்றார். போர் முடிந்து, இராணுவம் கழித்துவிட்ட டகோட்டா விமானங்கள் மலிவாகக் கிடைத்த காலம் அது. இந்தியாவெங்கும் சிறு விமான நிறுவனங்கள் முளைத்திருந்தன. இலங்கையிலும் அதே வருடம் டிசெம்பர் 10இல்தான் எயார் சிலோனின் டகோட்டா இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு முதற்பயணம் போனது.

நிறுவனங்கள் பல இருந்தும் பிரேமுக்கு வேலை இல்லை. எட்டு நிறுவனங்கள் அவருடைய விண்ணப்பத்தை மறுத்தன. உரிமத்தில் குறை இல்லை, பெண் என்பதே காரணம். ஒன்பதாவதாக ஐதராபாத்தின் டெக்கான் ஏர்வேஸ் அவரைச் சேர்த்துக்கொண்டது. நிஜாம் அரசும் டாடா நிறுவனமும் சேர்ந்து 1945இல் தொடங்கிய பிராந்திய நிறுவனம் அது. அங்கும் கிடைத்தது துணை விமானியின் இருக்கைதான்.

பிரேம் அந்த இருக்கையை மறுக்கவில்லை. 1948 செப்டெம்பரில் இந்திய இராணுவம் ஐதராபாத்துக்குள் நுழைந்து, நிஜாமின் ஆட்சியே முடிந்துபோன காலமும் அதற்குள் வந்தது. இந்திரா காந்தி, லால் பகதூர் சாஸ்திரி, மவுண்ட்பேட்டன் சீமாட்டி போன்றோர் அவர் ஓட்டிய விமானங்களில் பயணம் செய்தார்கள். 1949இல் தேசிய விமானப் பந்தயத்தில் அவர் முதலிடம் பெற்றார்.

தலைமை விமானியாவதற்குத் தேவையான மணிநேரங்களையும் பறந்து முடித்தார். அப்போது நிறுவனம் கைவிரித்தது. பெண் தலைமை விமானி என்று தெரிந்தால் பயணிகள் பயப்படுவார்கள் என்பது அவர்கள் சொன்ன காரணம். பந்தயத்தில் முதலாவதாக வந்தவருக்கும் இதுதான் நிலை.

பிரேம் அங்கேயே இருந்து முணுமுணுக்கவில்லை. வேலையை விட்டு டில்லிக்குப் போய், தொழிலதிபர் ஜி.டி. பிர்லாவின் தனி விமானியானார். 1953இல் டெக்கான் ஏர்வேஸ் உட்பட எட்டு நிறுவனங்களை இந்திய அரசு நாட்டுடைமையாக்கி இந்தியன் ஏர்லைன்ஸை உருவாக்கியது. அதில் சேர்ந்த பிரேம், தன் தொழில் வாழ்க்கையின் மீதியை அங்கேயே கழித்தார். 1992 டிசெம்பர் 22இல் காலமானார்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, எனக்குப் பட்ட இரண்டு விஷயங்களை அண்ணரின் மகளிடம் சொன்னேன்.

முதலாவது, தாழ்ந்த இருக்கை அவமானம் அல்ல. கனடாவில் 200 மணிநேரப் பறப்போடு வணிக உரிமம் எடுக்கலாம். பெரிய விமானத்தின் தலைமை விமானியாகத் தேவைப்படும் உயர் உரிமத்துக்கு 1,500 மணிநேரம் வேண்டும். இடையிலுள்ள 1,300 மணிநேரத்தை யாராவது ஒருவருடைய விமானத்தில்தான் பறந்து சேர்க்க வேண்டும். ஆகவே சம்பளத்தோடு, மாதத்துக்கு எத்தனை மணிநேரம் பறக்கத் தருவார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். சம்பளம் குறைந்து மணிநேரமும் குறைந்தால் அது வெறும் காத்திருப்பு.

இரண்டாவது, பிரேமால் விலகிப் போக முடிந்தது. எனக்கு இதுதான் அவருடைய கதையின் உயிர்நாடி. அவளுடைய ஒப்பந்தத்தில் விலகும் உரிமைக்கு விலை போட்டிருக்கிறார்கள். மாதம் கழியக் கழிய அந்தத் தொகை குறைகிறதா, கடைசி நாள் வரை முழுத்தொகையும் நிற்கிறதா? அவர்களே வேலையால் நிறுத்தினால் யார் கட்டுவது? நோயோ பிள்ளைப்பேறோ வந்தால் என்ன செய்வது? இவற்றை எழுத்தில் கேட்கச் சொன்னேன். வாய்ப்பேச்சை நம்பி வெற்றுத்தாளில் கையெழுத்து வைத்து, ஏமாந்து நின்றவர்கள் நம் ஊரில் எத்தனையோ பேர்.

குறைந்த சம்பளம் விமானியின் வீட்டுக் கஷ்டம் மட்டும் அல்ல. 2009 பெப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகே ஒரு பிராந்திய விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். விசாரணையில் அந்தத் துறையின் துணை விமானிகளுடைய சொற்பச் சம்பளமும், வேலைக்காக அவர்கள் தூக்கமின்றித் தொலைதூரம் பயணம் செய்வதும் வெளியே வந்தன. பிறகு அங்கே சட்டம் இறுகியது, துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணிநேரம் கட்டாயமானது. வாடகை கட்ட முடியாமல் இரண்டாவது வேலை செய்துவிட்டு விமானத்தில் ஏறும் நிலை வந்தால், அந்த வேலை வேண்டாம் என்றும் சொன்னேன்.

ஒரு வாரம் கழித்து அவள் மறுபடி அழைத்தாள். கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு நிறுவனம் இறங்கி வந்திருக்கிறது. திருப்பிக் கட்டும் தொகை மாதாமாதம் குறையும் என்று எழுதித் தந்திருக்கிறார்கள். சம்பளத்தில் மாற்றம் இல்லை. இன்னும் இரண்டு விமானிப் பெண்களோடு ஒரே வீட்டில் தங்கிச் சமாளிக்கலாம் என்று கணக்குப் பார்த்திருக்கிறாள். கையெழுத்து வைத்துவிட்டாள்.

வயலைப் பற்றி நானே பேச்செடுத்தேன். இந்தக் காலபோகம் வெட்டியதும் கிடைப்பதில் அண்ணரின் பங்கோடு என் பங்கில் பாதியையும் அவளுடைய கடனுக்கு அனுப்புகிறேன், அடுத்த வருடமும் முட்டுப்பட்டால் விற்போம், நான் தடுக்கமாட்டேன் என்றேன். 2008இல் நெல்லை அப்படியே விட்டுவிட்டு வன்னிக்குள் ஓடியவர்கள் நாங்கள். திரும்பி வந்தபோது காணி இருந்தது என்பதால்தான் மறுபடி எழும்பினோம். அவளுக்குக் காணி அந்த உரிமம்தான்.

இப்போது அருவியாற்றுத் தண்ணீர் தேக்கம் அணைக்கட்டால் திரும்பிக் குளத்துக்கு வரத் தொடங்கிவிட்டது. நாளை விதைப்பு. அம்மா இன்னும் செபமாலையோடுதான் இருக்கிறார். ஆனால் நேற்று, அவள் ஓட்டும் விமானத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று என்னிடம் கேட்டார்.