நகல் இருந்தும் டேட்டா தொலைவது ஏன்? விடை தேடிய ஜிம் கிரேவின் கதை

ஏடிஎம்-மில் பணம் எடுக்கிறீங்க. கணக்கில் தொகை கழிந்துவிட்டது. ஆனால், பணம் வெளியே வரும் முன்பே மெஷின் நின்றுபோச்சு. பதற்றமாத்தான் இருக்கும். பிறகு, தொகை கணக்குக்கே திரும்பிவிட்டதாக மெசேஜ் வருது. பாதியில் நின்ற வேலையை கம்ப்யூட்டர் எப்படிச் சரிசெய்தது? இதற்கு அடித்தளம் போட்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கணினி விஞ்ஞானி ஜிம் கிரே.

யார் இவர்?

1944-ல் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1969-ல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அங்குள்ள கணினி அறிவியல் துறை கொடுத்த முதல் முனைவர் பட்டமே அதுதான்.

1970-களில் ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் 'சிஸ்டம் ஆர்' என்ற டேட்டாபேஸ் உருவானது. இன்று ஐடி துறையில் எல்லாரும் எழுதும் எஸ்க்யூஎல் பிறந்த இடமும் அதுதான். அந்தக் குழுவில் கிரே கவனித்த முக்கியமான விஷயம்: ஒரு பரிவர்த்தனை நடந்தால் முழுசா நடக்கணும், இல்லேன்னா நடக்கவே கூடாது.

அதற்கு வழி, எந்த மாற்றத்தையும் டேட்டாபேஸில் செய்யும் முன் 'லாக்' எனும் பதிவேட்டில் எழுதிவிடுவது. கம்ப்யூட்டர் நடுவில் நின்றாலும், திரும்ப எழுந்ததும் அந்தப் பதிவேட்டைப் படித்து, முடிந்த வேலையை உறுதிசெய்யும்; பாதியில் நின்றதை ரத்து செய்யும்.

டிஸ்க்கே போனால்?

லாக் இருக்கும் டிஸ்க்கே கெட்டுப்போனால் என்ன செய்வது? 1980-ல் கிரே சேர்ந்த டேண்டம் நிறுவனத்தின் தொழிலே அந்தக் கேள்விதான். வங்கிகளுக்கும் பங்குச் சந்தைகளுக்கும் நிற்காமல் ஓடும் கம்ப்யூட்டர்களை அது செய்து கொடுத்தது. அதில் எல்லாமே ஜோடி ஜோடியாக இருக்கும். ஒரு டிஸ்க்கில் எழுதுவது இன்னொன்றிலும் எழுதப்படும். ஒரு பிராசசர் விழுந்தால் அடுத்தது வேலையை எடுத்துக்கொள்ளும்.

அப்படியும் சிஸ்டம்கள் நின்றன. ஏன் என்று கிரே கணக்கெடுத்தார். 1985-ல் வெளியான அவருடைய அறிக்கையின்படி, ஹார்டுவேர் கோளாறால் நின்றது வெறும் 18 சதவீதம். சாஃப்ட்வேர் கோளாறு 25 சதவீதம். முதலிடம், 42 சதவீதத்துடன், நிர்வாகத்துக்கு. அதாவது, சிஸ்டத்தை இயக்கும், பராமரிக்கும், மாற்றியமைக்கும் மனிதர்களின் வேலைகளுக்கு.

இது ஏன் முக்கியம்? டிஸ்க் செத்தால் நகல் காப்பாற்றும். ஆனால், யாரோ தவறுதலாக ஒரு டேபிளை அழித்தால், அந்த அழிப்பும் நொடியில் எல்லா நகல்களுக்கும் போய்ச் சேரும். நகலுக்கு நல்லது கெட்டது தெரியாது.

நகல் கூடினால் சிக்கலும் கூடும்

1995-ல் மைக்ரோசாஃப்ட்டுக்கு வந்த கிரே, அடுத்த ஆண்டே மூன்று சகாக்களுடன் சேர்ந்து ரெப்ளிகேஷனின் ஆபத்துகளைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எந்த நகலில் வேண்டுமானாலும், யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் மாற்றம் செய்யலாம் என்று விட்டால் என்ன ஆகும்? கம்ப்யூட்டர்களும் வேலையும் 10 மடங்கானால், மோதல்கள் 1,000 மடங்காகும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது அந்தக் கட்டுரை. நாளடைவில் ஒவ்வொரு நகலும் ஒவ்வொரு கதை சொல்லும். எது உண்மை என்றே தெரியாமல் போகும். அதுவும் ஒரு வகை டேட்டா இழப்புதான்.

அவர்கள் சொன்ன தீர்வு எளிமையானது. ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு மூல நகல் இருக்கட்டும். நெட்வொர்க்கில் இல்லாத கம்ப்யூட்டர்கள் செய்யும் மாற்றம் தற்காலிகமானது. இணைப்பு வந்ததும் மூல நகல் ஏற்றால்தான் அது செல்லும்.

இன்றைய பல கிளஸ்டர்களும் இதே வழியில்தான் ஓடுகின்றன. ஒரு தலைமை சர்வர் எழுதும், மற்றவை பின்தொடரும். மூன்றில் இரண்டு சர்வராவது 'பதிவாகிடுச்சு' என்று சொன்ன பிறகே உங்களுக்குப் பதில் வரும். அப்புறம் எந்த ஒரு சர்வர் செத்தாலும், மிச்சமுள்ள இரண்டில் ஒன்றிடமாவது அந்தத் தகவல் இருக்கும். பெரும்பான்மை ஒப்புதலோடு பரிவர்த்தனையை முடிக்கும் முறை பற்றி லெஸ்லி லாம்போர்ட்டுடன் சேர்ந்து 2006-ல் கிரேவும் எழுதினார்.

கடலில் முடிந்த பயணம்

1998-ல் கணினித் துறையின் உச்ச விருதான டூரிங் விருது அவரைத் தேடி வந்தது. அதே ஆண்டு, பூமியின் வான்வழிப் படங்களையும் செயற்கைக்கோள் படங்களையும் யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைத்த 'டெராசர்வர்' திட்டத்தையும் அவர் முன்னின்று நடத்தினார்.

2007 ஜனவரி 28. அம்மாவின் அஸ்தியைக் கடலில் கரைக்க, சான் பிரான்சிஸ்கோவிலிருந்து ஃபரலான் தீவுகளை நோக்கித் தன் பாய்மரப் படகில் தனியாகக் கிளம்பினார் கிரே. திரும்பவில்லை. கடலோரக் காவல்படை நாள்கணக்கில் தேடியது. நண்பர்கள் செயற்கைக்கோள் படங்களை வாங்கி, துண்டு துண்டாகப் பிரித்து இணையத்தில் போட்டார்கள். ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். படகும் கிடைக்கவில்லை, அவரும் கிடைக்கவில்லை. 2012-ல் அவர் இறந்துவிட்டதாகச் சட்டப்படி அறிவிக்கப்பட்டது.

உங்க டீம் கேட்க வேண்டியவை

மூன்று நகல் இருக்கு, கவலையில்லை என்று யாராவது சொன்னால், இரண்டு கேள்விகளைக் கேளுங்க. 'சேவ் ஆகிடுச்சு' என்று சொல்லும் முன் எத்தனை நகல்களில் அது பதிவாகுது? இன்று ஒருவர் தவறுதலாக அழித்தால், அந்த அழிப்பு போய்ச் சேராத பேக்கப் எங்கே இருக்கு? இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், நகல் எத்தனை இருந்தாலும் டேட்டா பத்திரமாக இல்லை.