19 முறை தோற்றும் முதலிடம்: குத்துச்சண்டை மேதை சுகர் ரே ராபின்சன்

உலகின் தலைசிறந்த குத்துச்சண்டை வீரர் யார் என்ற விவாதத்தில் இந்திய ரசிகர்கள் முதலில் சொல்லும் பெயர் முகமது அலி. ஆனால், 1999-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் நூற்றாண்டின் சிறந்த வீரராகத் தேர்வு செய்தது, பத்து ஆண்டுகளுக்கு முன்பே மறைந்துவிட்ட சுகர் ரே ராபின்சனை. 2002-இல் 'தி ரிங்' இதழும் தனது 80 ஆண்டுகாலப் பட்டியலில் அவருக்கே முதலிடம் அளித்தது.

49 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்காமல் ஓய்வு பெற்றவர் ராக்கி மார்சியானோ. அவர் இருக்க, 19 முறை தோற்றவருக்கு முதலிடமா என்ற கேள்வி நியாயமானதே. அந்தத் தோல்விகள் எப்போது நேர்ந்தன என்று பார்த்தால் விடை கிடைக்கும்.

1921 மே 3-இல் பிறந்த அவரது இயற்பெயர் வாக்கர் ஸ்மித். போட்டியில் பங்கேற்கும் வயதை எட்டாத சிறுவனாக இருந்தபோது, ரே ராபின்சன் என்ற மற்றொரு வீரரின் அட்டையைக் காட்டிக் களமிறங்கினார். இரவல் பெயரே நிலைத்துவிட்டது.

1940-இல் தொழில்முறை வீரரான அவர், முதல் 40 போட்டிகளிலும் வென்றார். 1943 பிப்ரவரியில் அவரை முதன்முதலில் வீழ்த்திய ஜேக் லமோட்டா, அவரைவிட ஏறத்தாழ 7 கிலோ எடை மிகுந்தவர். மூன்றே வாரங்களில் ராபின்சன் பதிலடி கொடுத்தார். அதன்பின் எட்டு ஆண்டுகள் அவரை யாராலும் வீழ்த்த இயலவில்லை. எடை வேறுபாட்டை ஒதுக்கிவிட்டுத் திறமையை மட்டும் அளக்கும் 'பவுண்டுக்கு பவுண்டு' என்ற சொல்வழக்கு பரவலானதே அவரால்தான்.

1946 டிசம்பரில் வெல்டர்வெயிட் பட்டம் அவர் வசமானது. மறு ஆண்டு ஜூனில் கிளீவ்லாந்தில் ஜிம்மி டாயிலுடன் மோதவிருந்த நிலையில், எதிராளி தன் கையால் இறப்பதாகக் கனவு கண்டு பின்வாங்க முயன்றார். மதகுருமார் தேற்றியதால் களமிறங்கினார். எட்டாவது சுற்றில் வீழ்ந்த டாயில் உயிர் பிழைக்கவில்லை. பின்னர், தன் போட்டி வருமானத்திலிருந்து டாயிலின் தாய்க்கு உதவினார் ராபின்சன். எந்தத் தரவரிசையிலும் இடம்பெறாத கணக்கு இது.

1951 பிப்ரவரி 14-இல் லமோட்டாவை 13-ஆவது சுற்றில் முடக்கி மிடில்வெயிட் பட்டத்தையும் வென்றார். அதே ஆண்டு லண்டனில் ராண்டால்ஃப் டர்பினிடம் இழந்த பட்டத்தை இரண்டே மாதங்களில் மீட்டார். 1952 ஜூனில் நியூயார்க்கில் லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மேக்சிமுடன் மோதியபோது 100 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டிய வெப்பம். நடுவரே தளர்ந்து பாதியில் மாற்றப்பட்டார். புள்ளிகளில் முன்னிலையில் இருந்த ராபின்சனால் 14-ஆவது சுற்றுக்கு எழ முடியவில்லை. உண்மையில் அன்று அவரை வென்றது வெயில்தான் எனலாம்.

அவ்வாண்டு இறுதியில் ஓய்வு பெற்றபோது அவரது கணக்கில் 131 வெற்றிகள், 3 தோல்விகள் மட்டுமே. மேடை நடனத்தில் இறங்கிய அவரை, நொடித்துப்போன தொழில்கள் 1955-இல் மீண்டும் களத்துக்கு இழுத்தன. மிடில்வெயிட் பட்டத்தை மொத்தம் ஐந்து முறை வென்று சாதித்தாலும், மீதமுள்ள 16 தோல்விகளும் இக்காலத்தவை. அவற்றில் ஐந்து, 44 வயதில் பணத்துக்காகப் போராடிய 1965-ஆம் ஆண்டில் மட்டும் வந்தவை.

அந்த டிசம்பரில் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கம் அவருக்குப் பிரமாண்டக் கோப்பை வழங்கி விடைகொடுத்தது. அதன் எடையைத் தாங்கக்கூடிய மேசைகூட அவரது சிறிய குடியிருப்பில் இருக்கவில்லை. பிற்காலத்தில் அல்சைமர் நோயால் பாதிக்கப்பட்ட ராபின்சன், 1989 ஏப்ரல் 12-இல் தமது 67-ஆவது வயதில் காலமானார்.