நாடகப் புலவர் ஈஸ்கிலஸ்

கிரேக்க அவல நாடகத்தின் தந்தையெனப் போற்றப்படும் ஈஸ்கிலஸ், ஏதென்ஸ் நகரை அடுத்த எலூசிஸ் என்னும் ஊரிலே கி. மு. 525 ஆம் ஆண்டளவிற் பிறந்தார். அவர் சிறுவராயிருந்த காலத்திலேயே ஏதென்ஸ் மக்கள் கொடுங்கோலரை அகற்றிக் குடியாட்சிக்கு வித்திட்டனர். அவரும் அவ்வாட்சியும் ஒருங்கே வளர்ந்தனர் எனலாம்.

கி. மு. 490 இல் பாரசீகர் படையெடுத்து வந்தபோது, மரதன் போர்க்களத்தில் அவர் படைக்கலம் ஏந்திப் பொருதார். அவருடன் பிறந்த கைனகைரஸ் அக்களத்திலேயே வீழ்ந்தார். எனினும், கி. மு. 472 இல் அரங்கேறிய ‘பாரசீகர்’ என்னும் நாடகத்திலே, தோற்ற பகைவரை அவர் எள்ளி நகையாடினாரல்லர். மகனை எண்ணிக் கலங்கும் பாரசீக அரசமாதேவியின் துயரையே காட்டினார். பகைவரையும் மனிதராக நோக்கிய இப்பெருந்தன்மையை நாம் மறத்தலாகாது.

பின்னர் ஏதென்ஸ் நகரினுள்ளேயே பகை மூண்டது. கி. மு. 462 அளவில் எபியால்டிஸ் என்னும் தலைவர், ஏரியோபாகஸ் என்ற பழைய மன்றத்தின் அதிகாரங்களிற் பெரும்பாலானவற்றைப் பறித்து மக்கள் அவைகளிடம் ஒப்படைத்தார். கொலை வழக்குகளை விசாரிக்கும் உரிமை அம்மன்றத்துக்கு எஞ்சியது. சிறிது காலத்துள் எபியால்டிஸ் கொலையுண்டார். பழிக்குப் பழி என நகரம் இரண்டுபடுமோ என்ற அச்சம் நிலவிய காலம் அது.

இந்நிலையிலேதான், கி. மு. 458 இல், ‘ஒரெஸ்தியா’ என்னும் முத்தொடர் நாடகத்தை ஈஸ்கிலஸ் அரங்கேற்றி முதற்பரிசு பெற்றார். கணவன் அகமெம்னனை மனைவி கொல்கிறாள். அதற்காக மகன் ஒரெஸ்டஸ் தாயைக் கொல்கிறான். பழிவாங்கும் தேவதைகள் அவனைத் துரத்துகின்றன. முடிவில் அதே ஏரியோபாகஸ் குன்றிலே அதீனா தேவி நீதிமன்றம் அமைக்கிறாள். வாக்குகள் சமமாக விழ, ஒரெஸ்டஸ் விடுதலை பெறுகிறான்.

நாடகம் அத்துடன் முடியவில்லை என்பதே நாம் உற்றுநோக்கத்தக்கது. தோற்ற தேவதைகள் நாட்டை அழிப்போமெனச் சீறுகின்றன. அதீனா அவற்றைத் துரத்தவில்லை. பன்முறை இன்சொற் கூறி, அந்நகரிலேயே அவற்றுக்கு இருப்பிடமும் வழிபாடும் அளிக்கிறாள். சினந்தணிந்த அவை, உள்நாட்டுக் கலகம் இந்நகரை அணுகாதிருக்க என வாழ்த்துகின்றன. வழக்கை வாக்கெண்ணிக்கை முடித்தது. பகையை இன்சொல்லும் மதிப்புமே முடித்தன. தோற்றோர்க்கும் இடமளிக்காத குடியாட்சி நிலைபெறாதென்பதை இதனினும் தெளிவாக எவ்வாறு உணர்த்தலாம்?

கி. மு. 456 அளவில், சிசிலித் தீவின் ஜேலா நகரில் ஈஸ்கிலஸ் காலமானார். அவர்தம் கல்லறைக்கென வழங்கிவந்த செய்யுள் மரதன் வீரத்தையே கூறிற்று; நாடகங்களைக் கூறவில்லை. ஆயினும், இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அந்நாடகங்கள் வாழ்கின்றன. இளைஞராகிய நாம் அவற்றைக் கற்றுப் பயன் பெறுவோமாக.