கொடுமுடி பாலாம்பாள் மகள் சுந்தராம்பாள்

மலருக்காக ஒரு சாதனைப் பெண்ணைப் பற்றி எழுதச் சொன்னதும் எனக்கு ஞாபகம் வந்தது கே.பி.சுந்தராம்பாள் அம்மாதான். ஔவையார்னு சொன்னாலே நம்ம கண்ணு முன்னால வர்றது அவங்க முகம்தான். கையில கோல், நெத்தி நிறைய திருநீறு. ஆனா அந்த அம்மா வயித்துப் பாட்டுக்காகச் சின்னப் பிள்ளையிலேயே மேடை ஏறினவங்க. அது நம்மில் பல பேருக்குத் தெரியாது.

1908-ஆம் வருஷம், காவிரிக்கரையில் இருக்கிற கொடுமுடியில் பிறந்தாங்க. அம்மா பேரு பாலாம்பாள். கே.பி. என்பது கொடுமுடி பாலாம்பாள். எல்லாரும் அப்பா பேரை முன்னெழுத்தாப் போடுற நாட்டுல, தன்னை வளர்த்த அம்மா பேரைக் கடைசி வரைக்கும் கூடவே வச்சுக்கிட்டவங்க அவங்க.

வீட்டுல வறுமை. ரயில்ல பாட்டுப் பாடிக் காசு வாங்கின பிள்ளைன்னு சொல்லுவாங்க. அந்தக் குரலைக் கேட்டவங்க மூலமா வேலு நாயர் நாடகக் கம்பெனியில சேர்ந்தாங்க. நல்லதங்காள் நாடகத்துல பசியால அழுகிற மூத்த பிள்ளை வேஷம் கிடைச்சுது. நல்லதங்காள் கதை நமக்கெல்லாம் தெரியும். பசின்னா என்னன்னு அறிஞ்ச பிள்ளை பசியைப் பாடினா எப்படி இருந்திருக்கும்! ஜனங்க கண்ணீர் விட்டுக் கேட்டாங்களாம். பிறகு இலங்கைக்கும் போய் நடிச்சுப் பேர் வாங்கினாங்க.

அங்கேதான் செங்கோட்டை எஸ்.ஜி.கிட்டப்பாவோட சேர்ந்து நடிக்க ஆரம்பிச்சாங்க. அவரும் சின்ன வயசுலேயே மேடை ஏறினவர். வள்ளி திருமணம் நாடகத்துல இவங்க ரெண்டு பேரும் பாடுறாங்கன்னா கூட்டம் தாங்காது. 1927-ல கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அவருக்கு ஏற்கெனவே ஒரு குடும்பம் இருந்தது. மனஸ்தாபம், பிரிவு எல்லாம் வந்தது. பிறந்த குழந்தையும் தங்கலை. 1933-ல கிட்டப்பா காலமாயிட்டார். அப்போ சுந்தராம்பாளுக்கு வயசு 25.

அன்னைக்கே வெள்ளைச் சேலை கட்டிக்கிட்டாங்க. எந்த ஆண் நடிகரோடும் ஜோடியா நடிக்க மாட்டேன்னு முடிவு எடுத்தாங்க. கொஞ்ச காலம் மேடைப் பக்கமே போகலை. பிறகு சத்தியமூர்த்தி போன்ற பெரியவங்க சொல்லித் திரும்ப வந்து, காங்கிரஸ் மேடைகள்ல நாட்டு விடுதலைக்காகப் பாடினாங்க.

அடுத்து சினிமாக்காரங்க வந்தாங்க. இவங்களுக்கு அதுல இஷ்டம் இல்லை. எப்படியாவது போகட்டும்னு ஒரு லட்ச ரூபாய் கேட்டாங்களாம். அவங்க சரின்னுட்டாங்க! அப்படி வந்ததுதான் 1935-ல 'பக்த நந்தனார்'. அதுலயும் ஜோடி கிடையாது, நந்தனார் வேஷமே இவங்கதான். ஒரு லட்சம்னா அந்தக் காலத்துல நாடே பேசின தொகை. ரயில்ல சில்லறைக் காசுக்குப் பாடின அதே குரல்தான். ஆனா இந்தத் தடவை விலை சொன்னது அவங்க.

1951-ல சென்னை மாகாண மேலவை உறுப்பினர் ஆனாங்க. 1953-ல ஜெமினி வாசன் எடுத்த 'ஔவையார்', 1964-ல 'பூம்புகார்', அடுத்த வருஷம் 'திருவிளையாடல்'. 'துணைவன்' படத்துல பாடினதுக்குத் தேசிய விருது, 1970-ல பத்மஸ்ரீ. சொந்த ஊர் கொடுமுடியில தியேட்டரும் கட்டினாங்க. 1980-ல காலமானாங்க.

சகோதரிகளே, இதுல நான் முக்கியமா நினைக்கிறது ஒண்ணு. வெள்ளைச் சேலை கட்டினது அவங்க காலம், அவங்க மனசு. எல்லாரும் அப்படி இருக்கணும்னு நான் சொல்லலை. ஆனா 25 வயசுல புருஷனை இழந்த பெண்ணை அடுப்படி மூலையில உட்கார வைக்கிற காலத்துல, அவங்க சட்டசபை வரைக்கும் போனாங்க. முருகனைப் பாட அவங்களைத்தான் கூப்பிட்டாங்க. அந்தக் குரல் ஒலிக்காத கோயில் திருவிழா இன்னைக்கும் நம்ம பக்கத்துல இல்லை. அதை யாரும் அபசகுனம்னு சொன்னதில்லையே.

ஆனா நம்ம குழுக்கள்ல பாருங்க. கணக்கு எழுத, வங்கிக்குப் போக, கடன் வசூல் பண்ண முன்னால நிக்கிற சில அக்காமார், குத்துவிளக்கு ஏத்துறப்போ மட்டும் தானா பின்னால போய் நிக்கிறாங்க. நாமும் வாங்கன்னு கூப்பிடறதில்லை. புருஷன் இல்லைங்கிறதுக்காக அவங்க உழைப்பு குறைஞ்சு போச்சா? இந்த வருஷம் நம்ம கூட்டமைப்பு ஆண்டு விழாவுல முதல் திரியை அவங்கள்ல ஒருத்தர் ஏத்தட்டும். இதை அடுத்த கூட்டத்துல தீர்மானமா எழுதணும்னு கேட்டுக்கிறேன்.