காந்தியடிகள் பெற்ற பதக்கங்கள்

பதக்கம் பெறுதல் அரிது. பெற்றதனை மனமொப்பித் திருப்பித் தருதல் அதனினும் அரிது. இவ்விரண்டினையும் செய்தவர் காந்தியடிகள். அவர்தம் வரலாறு முழுவதையும் ஈண்டுக் கூறப் புகின் விரியுமாதலின், அவர் பெற்ற மூன்று பதக்கங்களின் வழியே அதன் ஒரு பகுதியை நோக்குவாம்.

1869-ஆம் ஆண்டு போர்பந்தரிற் பிறந்து, இலண்டனிற் சட்டம் பயின்ற அடிகள், 1893-இல் ஒரு வழக்கின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றார். 1899-இல் ஆங்கிலேயர்க்கும் போயர்க்கும் போர் மூண்டது. அடிகளின் இரக்கம் போயர்பாலதே. ஆயினும், குடிமக்களுக்குரிய உரிமையை வேண்டுவோர் அவர்க்குரிய கடமையையும் ஏற்றல் வேண்டுமெனத் துணிந்தார். ஏறக்குறைய 1,100 இந்தியர் கொண்ட தொண்டர் படையொன்று நேட்டாலில் எழுந்தது. அவருட் பெரும்பாலார் ஒப்பந்தக் கூலிகள். மிஷன் மருத்துவராகிய பூத் துரை அவர்க்குப் பயிற்சியளித்துத் துணைநின்றார். ஸ்பியன் கோப் போரிற் குண்டு வீழும் எல்லைக்குள்ளும் சென்று, காயமுற்றோரைத் தூக்குக் கட்டிலிற் சுமந்து, நாளொன்றுக்கு இருபது, இருபத்தைந்து மைல் நடந்தனர். விக்டோரியா அரசியின் உருவம் பொறித்த போர்ப் பதக்கம் அப்படையின் தலைவர்களுக்கு வழங்கப்பெற்றது. சுமந்த தோள்களோ பல. பதக்கம் பூண்ட மார்புகளோ சில.

1906-இல் நேட்டால் அரசு விதித்த தலைவரியை எதிர்த்து ஜூலு மக்கள் கிளர்ந்தனர். அடிகள் இருபதின்மருக்குச் சற்று மிக்க சிறு குழுவுடன் சார்ஜண்டு மேஜராகச் சென்றார். ஆண்டு அவர் கண்டவை வீரச் செயல்கள் அல்ல. கசையடியால் முதுகு கிழிந்து, மருந்திடுவாரின்றிச் சீழ்கொண்ட ஜூலுக்களின் புண்களே. வெள்ளையர் தொடவும் மறுத்த அப்புண்களை அவர் குழுவினரே கழுவிக் கட்டினர். இதற்கும் ஒரு வெள்ளிப் பதக்கம் வந்தது. அதன் முகத்தில் ஏழாம் எட்வர்டு மன்னர் இருந்தார். அடிகளின் நெஞ்சிலோ அப்புண்களே நின்றன.

தாயகம் மீண்டபின், 1915-இல், தென்னாப்பிரிக்கத் தொண்டினைப் பாராட்டிக் கெய்சர்-இ-ஹிந்த் என்னும் பொற்பதக்கம் அளிக்கப்பெற்றது. இது போர்ப் பதக்கமன்று, பொதுத்தொண்டிற்கு உரியது.

ஆங்கில அரசு நீதி தவறாது என்று அடிகள் நெடுங்காலம் நம்பியிருந்தார். 1919-இல் நிகழ்ந்த ஜாலியன்வாலாபாக் படுகொலையும், கிலாபத் வாக்குறுதி பிறழ்ந்தமையும் அந்நம்பிக்கையைத் தகர்த்தன. 1920 ஆகஸ்டு 1-ஆம் நாள் மூன்று பதக்கங்களையும் அரசப் பிரதிநிதியாகிய செம்ஸ்போர்டு பிரபுவுக்கு அவர் திருப்பியனுப்பினார். 1879-இல் ஜூலு நாட்டின்மீது படை நடத்திய தளபதியின் மைந்தரே இப்பிரபு என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. அடிகள் வெறுப்பினாற் செய்தாரல்லர். மனம் நொந்தே செய்தார். நெடுநாட் பற்றொன்றை அறுத்தல் எளிதன்றே!

பதக்கத்தைத் திருப்பித் தரலாம். ஆற்றிய தொண்டினை எவர் திருப்ப வல்லார்? ஜூலுக்களின் புண் ஆற்றிய கைகள் 1948 வரை ஓய்ந்தில. ஆண்டு விழாவிற் பரிசு பெற முந்துகின்ற நாம், மனச்சான்று கேட்குமாயின் அப்பரிசினை மீள வைக்கும் துணிவும் நம்பால் உளதோ என்று ஒருகால் எண்ணிப் பார்ப்போமாக.